அவர்கள் உழைத்த நாள் அவர்கள் பேரில் விழட்டும்

இத்தாலியின் வேளாண், தொழிலாளர் அமைச்சர்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் அமைச்சர்கள் மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர்களே,

என் பாட்டி இலங்கை மலையகத்தில் கொழுந்து பறித்தவர். நாள் முழுதும் மலையில் நின்றாலும், குறித்த எடை சேராவிட்டால் அன்றைக்கு அவருக்கு 'அரைப் பேர்'தான். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் விழாத பேர், உழைக்காத நாளாகவே கணக்காகும். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் என்பதால்தான், தென் இத்தாலியின் ஃபோஜா மாவட்டத்து வயல்களில் உழைக்கும், பல்கேரியாவிலும் ருமேனியாவிலும் இருந்து வந்த ரோமா என்ற சிறுபான்மை இனத்துப் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

தக்காளியைக் கையால் பறிக்கும் வயலில் ஆகஸ்டு மாத வேலை இப்படித்தான் நடக்கிறது. குனிந்து செடியைப் பிடுங்கி, காய்களை வாளியில் உதிர்த்து, நிரம்பிய வாளியைச் சுமந்து சென்று, ஏறத்தாழ 300 கிலோ கொள்ளும் பெரிய பெட்டியில் கொட்டவேண்டும். அந்தப் பெட்டி நிரம்பினால் கூலி மூன்று, நான்கு யூரோ. அதிலிருந்தும் வேன் கட்டணமும் இடைத்தரகரின் பங்கும் கழியும். அந்த இடைத்தரகரை நீங்கள் 'கப்போராலே' என்கிறீர்கள். எங்களுக்கு அவர் கங்காணி. ஊரிலிருந்து ஆள் சேர்த்து வருபவரும், விடியுமுன் வண்டியில் ஏற்றுபவரும், மாலையில் பெட்டியை எண்ணுபவரும் அவரே என்றால், எண்ணிக்கை தவறு என்று யாரிடம் போய்ச் சொல்வது? பெட்டிக்கூலி குடும்பத்துக்கு மொத்தமாகக் கணக்கிடப்படும்போது, மனைவியும் வளர்ந்த மகளும் நிரப்பியவை வீட்டு ஆணின் பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய் அதையும் வயல் வரப்புக்கே அழைத்துவர வேண்டியிருக்கிறது.

உங்கள் சட்டத்தில் இந்த நாள்கணக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் ஆண்டில் 51 நாள் பதிவாகியிருந்தால் வேளாண் தொழிலாளிக்கு நோய்க்கால, மகப்பேற்று உதவிக்கு வழி பிறக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 102 நாள் சேர்ந்தால் வேலையில்லாக் காலத்து உதவி கிடைக்கிறது. ஆகவே, நூறு நாள் உழைத்தவளுக்கு முப்பது நாளை மட்டும் எழுதும் முதலாளி எழுபது நாள் கூலிக்கான காப்பீட்டுப் பணத்தை மிச்சப்படுத்துவதோடு நிற்பதில்லை. அவளுடைய பேறுகாலத்தையும் முதுமையையும் சேர்த்தே பறிக்கிறார். மறுபுறம், வயலில் கால் வைக்காதவர்களின் பெயரில் நாட்கள் பதியப்பட்ட போலித் தொழிலாளர் கணக்குகளை உங்கள் சமூகக் காப்பீட்டு நிறுவனமே கண்டுபிடித்து நீக்கிவருகிறது. உழைத்தவளின் பேர் விடுபடுவதும் உழைக்காதவரின் பேர் ஏறுவதும் ஒரே ஏட்டில் நடக்கின்றன.

2015 ஜூலை 13 அன்று தென் இத்தாலியின் ஆந்திரியா நகரத்துத் திராட்சைத் தோட்டத்தில் 49 வயதுப் பாவுலா கிளெமென்தே வேலையின்போதே இறந்தார். அந்த இத்தாலியப் பெண்ணின் மரணம் எழுப்பிய கொந்தளிப்புதான் மறு ஆண்டே 199ஆம் எண் சட்டத்துக்கு வழிவகுத்தது. கங்காணியை மட்டுமன்றி அவர் மூலம் ஆட்களைச் சுரண்டும் முதலாளியையும் ஓராண்டு முதல் ஆறாண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடிய அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சாட்சி சொன்ன மறுநாள் வேலையையும் வண்டியையும் குடிசையையும் ஒருசேர இழக்கும் நிலையில் இருப்பவள் சாட்சி சொல்ல எப்படி வருவாள்? 2021 டிசம்பரில் ஃபோஜா மாவட்டத்து ஸ்தோர்னாராவில் பல்கேரியத் தொழிலாளர்கள் வாழும் குடிசைப் பகுதியில் பற்றிய தீயில் இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அப்படிப்பட்ட குடிசையைக்கூட இழக்க அஞ்சும் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஒன்றியத்தின் அமைச்சர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2007இல் பல்கேரியாவும் ருமேனியாவும் ஒன்றியத்தில் சேர்ந்தபின் இந்தப் பெண்கள் உங்கள் குடிமக்கள். ஆனால் பருவகாலத் தொழிலாளருக்கென 2014இல் நீங்கள் இயற்றிய நெறிமுறை ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கே பொருந்தும்; தங்குமிடத் தரம் பற்றி அது சொல்வதை இவர்கள் கேட்டுப்பெற முடியாது. 2025 முதல் வேளாண் மானியத்தைத் தொழிலாளர் உரிமையோடு எல்லா நாடுகளிலும் கட்டாயமாக இணைத்தது நல்ல செயல். எனினும் அந்த இணைப்பு வேலை நிபந்தனைகளையும் வேலையிடப் பாதுகாப்பையும் பற்றிய மூன்று நெறிமுறைகளோடு நின்றுவிட்டது. இனப்பாகுபாட்டைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டு நெறிமுறை அதில் இல்லை. 'ரோமாக்காரி' என்பதற்காகவே குறைந்த கூலி தருபவரின் மானியத்துக்கு அதனால் எந்த ஆபத்தும் வருவதில்லை. அந்த நெறிமுறையையும் சேருங்கள்.

இத்தாலிய அமைச்சர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. வேலை செய்த நாள் அன்று மாலையே, குடும்பத்தலைவர் பெயரில் அல்லாமல் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரில் பதியப்பட வேண்டும். எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்பதைத் தன் கைப்பேசியில் பல்கேரிய மொழியிலோ ருமேனிய மொழியிலோ அவளே பார்க்கவேண்டும். படிக்கத் தெரியாதவளுக்கு ரோமா மக்களின் ரோமானி மொழியில் அது வாசித்துக் காட்டப்பட வேண்டும். குறை சொல்ல வருபவளைச் சந்திக்க அந்த மொழி பேசும் பெண் ஒருவர் ஆய்வாளருடன் வயலுக்கே செல்லவேண்டும். வழக்கு முடியும்வரை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் அரசு தங்குமிடம் தரவேண்டும்.

ஜூலை இறுதியில் தக்காளி அறுவடை தொடங்கிவிடும். அதற்குமுன் ஆணை பிறப்பிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு தோட்டத் தொழிலாளியின் பேத்தி