பட்டம் வாங்கிய பிறகும் சொராரிட்டியில் சேரலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கமலா ஹாரிஸ் 2024ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது, ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற பெயர் நம் வீடுகளிலும் அடிபட்டது. 1908ல் அமெரிக்காவின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சொராரிட்டி அது, அதாவது கல்லூரிப் பெண்களின் உறுப்பினர் சங்கம். அவர் மாணவியாக இருந்தபோதே சேர்ந்துவிட்டார். சிங்கப்பூரில் பட்டம் முடித்துவிட்டு மேற்படிப்புக்கோ வேலைக்கோ அங்கே போகும் நம் பெண்கள், இனி நமக்கு வழியில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வழி இருக்கிறது. ஆனால் எல்லாச் சங்கத்துக்கும் ஒரே வழி இல்லை.

1902ல் அமைந்த நேஷனல் பான்ஹெலெனிக் கான்ஃபரன்ஸ் சொராரிட்டிகளின் ஒரு கூட்டமைப்பு. கறுப்பின மரபுச் சங்கங்களுக்காக 1930ல் ஹோவர்டில் அமைந்த நேஷனல் பான்-ஹெலெனிக் கவுன்சில் இன்னொன்று. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் ஒன்றின் விதியை மற்றதற்குப் போட்டுக் குழம்புவோர் அதிகம்.

கான்ஃபரன்ஸின் சங்கங்கள் பலவற்றில், மாணவப் பருவம் தாண்டிய பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் 'அலும்னா இனிஷியேஷன்' என்ற ஏற்பாடு உண்டு. உறுப்பினர் ஒருவர் பரிந்துரைப்பார், கிளை ஒப்புதல் தரும், தலைமையகம் இசையும், கட்டணம் கட்டியபின் சேர்ப்புச் சடங்கு நடக்கும். இந்தக் கூட்டமைப்பின் ஒரு சங்கத்தில் சடங்கு முடிந்துவிட்டால், விலகினாலும் அதன் வேறு சங்கத்தில் ஆயுளுக்கும் சேர முடியாது. ஆகவே எந்தச் சங்கம் முதலில் கூப்பிடுகிறதோ அதற்கே தலையாட்டிவிடக் கூடாது. பரிமாற்ற மாணவியாகப் போய், அழைப்பை ஏற்று, சடங்குக்கு முன்பே விலகியவருக்கு இந்தத் தடை இல்லை.

ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா இடம்பெறும் கவுன்சிலின் சங்கங்களில் பட்டதாரிக் கிளைகள் இருக்கின்றன. இளங்கலைப் பட்டம் கட்டாயம். சிங்கப்பூர்ப் பட்டம் ஏற்கப்படுமா என்று தலைமையகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவின் பட்டதாரிக் கிளைக்கு அழைப்பு வந்தால்தான் போக முடியும். சேருமுன்பே சமூக ஊடகத்தில் ஆசையைப் பறைசாற்றுவதும், சங்கப் பெயரின் கிரேக்க எழுத்துகள் பொறித்த சட்டையைப் போட்டுக்கொள்வதும் அங்கே பெரிய குற்றம்போலப் பார்க்கப்படும். கிளை நடத்தும் பொதுச் சேவைகளுக்குப் போய்க் கைகொடுப்பதும், உறுப்பினர்களோடு பொறுமையாகப் பழகுவதுமே சரியான தொடக்கம்.

பலருக்குக் கடைசி நேரத்தில் கவிழ்வது பரிந்துரைக் கடிதத்தில்தான். எழுதித் தருபவர் அந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டியிருக்காவிட்டால் கடிதம் செல்லாது. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்டுவிட வேண்டும்.

பட்டதாரிக் கிளையில் சேர்வதற்கான செலவு பல நூறு அமெரிக்க டாலரைத் தாண்டும், சில இடங்களில் ஆயிரத்தையும் தாண்டும். அதற்குமேல் ஆண்டுதோறும் சந்தா. இந்தப் பணம் தலைமையகம் சொல்லும் வழியில்தான் போக வேண்டும். யாராவது தனியாக ரொக்கம் கேட்டாலோ, ராத்திரியில் 'பயிற்சி' என்று கூப்பிட்டாலோ அது ராகிங். புதியவர்களைச் சோதனைக் காலத்தில் வைத்துப் பழக்கும் பழைய 'பிளெட்ஜிங்' முறையைக் கவுன்சில் சங்கங்கள் 1990லேயே கைவிட்டுவிட்டன. தயங்காமல் தலைமையகத்துக்கு எழுதுங்கள்.

நம் பல்கலைக்கழகங்களில் விடுதி மன்றமும் தமிழ்ப் பேரவையும் உண்டு, சொராரிட்டி மரபு கிடையாது. ஊர் திரும்பியபின் சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்க, கூட்டத்துக்குப் போக வழியில்லாத நிலை வரலாம். வெளிநாட்டில் இருப்பவர் எந்தக் கிளையோடு இணைவார், சந்தா எவ்வளவு, இணையவழிக் கூட்டம் உண்டா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கேயே கிளை அமைக்க நினைப்பவர்கள் சங்கங்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்துவிட்டாலே சங்கங்கள் பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். தலைமையகத்தின் அனுமதிக் கடிதம் அந்தப் பதிவுக்கு ஈடாகாது.

இப்படிக்கு,
வாசகி, தெம்பனிஸ்