சூடு நின்றது ஏன் என்று முதலில் பார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நேற்றிரவு தொலைபேசியில் நீ சொன்னவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு காலையில் மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். தொலைபேசியில் பாதியைச் சொல்லிப் பாதியை மறந்துவிடுவேன் என்பதால் எழுத்திலேயே தருகிறேன். துணி காயவைக்கும் ட்ரையருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி.

உருளை சுற்றுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் சூடு இல்லை, எழுபது நிமிடம் ஓடியும் பிள்ளையின் உடுப்புகள் ஈரமாகவே கிடக்கின்றன என்றாய். வந்து பார்த்த திருத்துநர் பின் தகட்டைக்கூடக் கழற்றாமல், கட்டுப்பாட்டுப் பலகை பழுது, அதை மாற்றுகிற காசுக்குப் புதிதாகவே வாங்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார் என்றாய். இருபத்திரண்டு வருடம் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த அறிகுறிக்குப் பலகையைச் சந்தேகிப்பது கடைசியில்தான். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கைந்து இருக்கின்றன, அவற்றில் முதலாவதற்கு ஒரு திருப்புளிகூடத் தேவையில்லை.

கனடாவில் மின்சார ட்ரையருக்கு வருவது 240 வோல்ற். மின்சாரம் மிகுந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர்கள் உள்ள பெட்டியில், இரண்டு விசைகள் ஒன்றாகப் பிணைந்த 30 அம்பியர் பிரேக்கர் ஒன்று அதற்கென்றே இருக்கும். சூட்டுக் கம்பிச் சுருளுக்கு 240 வோல்ற்றும் வேண்டும், ஆனால் உருளையைச் சுற்றும் மோட்டாருக்கு அதில் பாதி, 120 வோல்ற், போதும். ஆகவே அந்த இரட்டைப் பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் விட்டுப்போனால் மோட்டார் வழக்கம்போல ஓடக்கூடும், ஆனால் சூடு இருக்காது. வெளியே இருந்து பார்த்தால் விசை நேராக இருப்பதுபோலவே தோன்றும். எனவே அதை முழுவதுமாக அணைத்து, 'டக்' என்ற சத்தம் கேட்ட பிறகு மறுபடி போட்டுப் பார். அதன் பின்னும் சூடு வராவிட்டால், சுவரில் உள்ள பிளக் துளைகளில் 240 வோல்ற்றை அளந்து பார்க்கும் வேலையை நீயோ மருமகனோ தொட வேண்டாம், அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை.

ஆனால் பிரேக்கரில்தான் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. நீ ஒக்டோபரிலேயே ஒரு பேச்சு வாக்கில், முன்பு முக்கால் மணித்தியாலத்தில் காய்ந்த துவாய்கள் இப்போது ஒன்றரை மணித்தியாலம் எடுக்கின்றன, ட்ரையரின் மேல்தட்டில் கை வைக்க முடியாத சூடு என்று சொன்னாய். அன்றைக்கே எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும். சூடு போகவில்லை, பிள்ளை, அடைபட்டது. ஈரக் காற்று வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சூடு ஏறி ஏறி, கடைசியில் சூட்டுப் பெட்டியில் இருக்கும் தெர்மல் கட்-ஓஃப் என்ற சின்னப் பாகம் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டிருக்கும். வீடு தீப்பிடிக்காமல் காப்பதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை துண்டித்தால் மறுபடி சேராது, மாற்றத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் இதே பாகத்தைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு, கெட்டிக்காரன் என்ற நினைப்போடு வந்தேன். மூன்று கிழமையில் மறுபடியும் அழைப்பு வந்தது. புதிது போட்டதும் போயிருந்தது. அப்போதுதான் ட்ரையருக்குப் பின்னால், ஈரக் காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயைக் கழற்றினேன். வெள்ளிநிறத் தாளால் ஆன மடிப்புக் குழாய் அது, சுவரோடு நசுங்கி, உள்ளே துணியிலிருந்து உதிரும் சாம்பல் நிறத் தும்பு ஈரமாக இறுகிப் பாணைப்போலக் கிடந்தது. இரண்டு கைகளாலும் அள்ளி எடுத்தேன். அந்த அம்மாவிடம் இரண்டாம் முறைக்குக் காசு வாங்கவில்லை.

ஆகவே நீயும் முதலில் வெளியே போ. ட்ரையரை ஓடவிட்டு, வீட்டின் வெளிச்சுவரில் காற்று வரும் மூடியில் கையை வைத்துப் பார். சூடு இல்லாவிட்டாலும் காற்று வேகமாக வந்து மூடி நன்றாகத் திறக்க வேண்டும். எட்மன்டன் குளிரில் அந்த ஈரக் காற்றே மூடியில் பனிக்கட்டியாக உறைந்து ஒட்டிக்கொள்வதுண்டு, கோடையில் குருவிகள் கூடு கட்டுவதுமுண்டு. பிறகு பிளக்கைக் கழற்றி, பிரேக்கரையும் அணைத்து, மருமகனைக் கொண்டு ட்ரையரை முன்னால் இழுத்து, நான்கு அங்குலக் குழாயை இரு முனைகளிலும் கழற்றிச் சுத்தம் செய். அது பிளாஸ்ரிக்காகவோ தாள்போன்ற மடிப்புக் குழாயாகவோ இருந்தால் எறிந்துவிட்டு, உட்புறம் வழுவழுப்பான உலோகக் குழாய் வாங்கு. இணைப்புகளுக்கு உலோக ஒட்டுநாடா பயன்படுத்து. திருகாணி போட்டால் அதன் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு தும்பைப் பிடித்து வைக்கும்.

தும்பு வடிகட்டும் வலையையும் குழாய்நீரின் கீழ் பிடித்துப் பார். உடுப்புகளோடு உருளைக்குள் போடும் வாசனைத் தாள்களை நீ நிறையப் போடுகிறாய். அவற்றின் மெழுகு வலையில் படிந்திருந்தால் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே குளம்போல நிற்கும், சவர்க்காரமும் பழைய பல்துலக்கியும் போதும். (அம்மா இதை வாசித்துவிட்டு, கொடியில் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார். பேஸ்மென்ட்டில் இன்றும் அவருக்கு ஒரு கொடி இருக்கிறது.)

இனிப் பின் தகடு. அதைக் கழற்றியதும் நீளமான ஒரு தகரப் பெட்டி தெரியும், அதுதான் சூட்டுப் பெட்டி. அதன் பக்கவாட்டில் காசளவான இரண்டு பாகங்கள் இருக்கும்: ஒன்று கட்-ஓஃப், மற்றது சூடு அளவு மீறினால் நிறுத்தும் உயர்சூட்டுத் தெர்மோஸ்ராற். வயர்களைக் கழற்றும் முன் கட்டாயம் படம் எடு. ஒவ்வொன்றிலும் ஒரு வயரை எடுத்துவிட்டு மின்சாரம் அளக்கும் கருவியான மல்டிமீற்றரை, மின்தடையைக் காட்டும் ஓம் அளவில் வைத்து இரு முனைகளிலும் தொடு. ஏறத்தாழப் பூச்சியம் காட்டினால் நல்லது, எதுவும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. கம்பிச் சுருளையும் அப்படியே பார், அது 10 ஓம் அளவில் காட்டும். சுருளின் முனைக்கும் தகரப் பெட்டிக்கும் இடையில் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் எங்கோ தகரத்தைத் தொடுகிறது, அதையும் மாற்ற வேண்டும்.

இணையத்தில் சில காணொளிகளில் கட்-ஓஃபின் இரு வயர்களையும் ஒன்றாக முறுக்கிவிட்டு, பார், சூடு வந்துவிட்டது என்று காட்டுகிறார்கள். சூடு வரும்தான். உள்ளே தும்பும் பருத்தித் துணியும் இருக்க, நிறுத்துவதற்கு ஆளில்லாத சூடு அது. மருமகன் அவசரத்துக்கு அப்படி ஏதும் செய்யப் பார்த்தால் நான் சொன்னதாகச் சொல்லித் தடுத்துவிடு.

கட்-ஓஃப் போயிருந்தால் அதையும் உயர்சூட்டுத் தெர்மோஸ்ராற்றையும் சோடியாகவே வாங்கு, பல தயாரிப்புகளுக்கு ஒரே பொதியில் விற்கிறார்கள். கதவைத் திறந்தால் விளிம்பில் மாதிரி எண் ஒட்டியிருக்கும், அந்த எண்ணைச் சொல்லாமல் பார்வைக்கு ஒத்திருக்கிறது என்று எதையும் வாங்காதே, வெப்ப அளவு வேறாக இருக்கும். முதலில் மீற்றரில் தெரியும் எண்களையும் அந்த ஒட்டுத்தாளையும் படம் பிடித்து எனக்கு அனுப்பு. சனிக்கிழமை காலை முழுவதும் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா