கற்பிக்கப் போவதா, சுற்றிப் பார்க்கப் போவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும், கற்பித்துக்கொண்டே உலகத்தைச் சுற்றி வரலாம் என்று உங்கள் பயணப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல ஆசைதான், அதற்குக் குறுக்கே நிற்க நான் எழுதவில்லை. ஆனால் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது முதலில் வேலை, அப்புறம்தான் பயணம். இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள்தான் போன இடத்தில் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள்.

ஒப்பந்தத்தை எத்தனை பேர் முழுசாகப் படிக்கிறார்கள்? பல இடங்களில் விசா வேலை கொடுக்கும் பள்ளியின் பெயரில்தான் வருகிறது, தங்கும் வீடும் பள்ளி கொடுப்பதுதான், அதனால் வேலை போனால் அதோடு வீடும் போகிறது, நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது. 2007 அக்டோபரில் ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கில உரையாடல் பள்ளி நிறுவனமான நோவா திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் வராமல் நடுத்தெருவில் நின்றார்கள்; வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட நிறுவனம் வீட்டுக்காரருக்குக் கட்டாததால் சிலர் வீட்டையும் காலி செய்ய வேண்டிய நிலை வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இந்தக் கதி. ‘இப்போதைக்குச் சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரு முகவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பிடிபட்டால் நாடு கடத்தப்படப்போவது நீங்கள், அவர் அல்ல.

பாஸ்போர்ட் விஷயமும் அப்படித்தான். தென்கொரியாவில் மொழி கற்பிக்க வருகிறவர்களுக்கான ஈ-2 விசா, ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர்களில் பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டினருக்குத்தான் கிடைக்கிறது. வேறு நாட்டுக்காரர் எவ்வளவு திறமையாகக் கற்பித்தாலும் அந்த வழி அநேகமாக அடைபட்டதுதான், இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது வேறு. எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவரைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதிய ஒரு பையன், இது ஏன் தப்பு என்று கேட்கிறான். சரளமாகப் பேசத் தெரிந்தவர் ‘அப்படிச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்’ என்கிறார். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கு இதுவா பதில்? நேற்று என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே ‘ஹேவ்’ வராது என்பதைப் பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டினாலே புரிந்துவிடும், ஆனால் அதைக் காட்டப் பழகியிருக்க வேண்டும். ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் சான்றிதழ் தரும் செல்ட்டா பயிற்சியில் குறைந்தது 6 மணி நேரம் நிஜமான மாணவர்கள் முன்னால் நின்று கற்பிக்க வைக்கிறார்கள், பின்னால் பயிற்றுநர் உட்கார்ந்து கவனிக்கிறார். வாரக்கடைசியில் வீட்டிலிருந்தே முடித்துவிடும் இணையச் சான்றிதழில் இது எங்கே கிடைக்கும்?

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, சம்பளமும் கடற்கரையும் போக, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, விடுப்பு எத்தனை நாள், பாதியில் விலகினால் விமானக் கட்டணம் யார் தலையில் விழும் என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியப் பயிற்றுநர்