கல்வெட்டின் கடைசிப் பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. தபாலில் போட்டால் அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் உன் கையில் கிடைக்கும். அதனால் எழுதி முடித்ததும் அக்காவின் பெடியன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். வாசிக்க மாட்டேன் என்று சொல்கிறான். பார்ப்போம்.

சுன்னாகத்து அச்சகத்தில் இருந்து கல்வெட்டின், அம்மாவின் நினைவுப் புத்தகத்தின், புரூஃப் வந்துவிட்டது. அம்மாவின் படம் தெளிவாக விழுந்திருக்கிறது. தேவாரம், திருப்பொற்சுண்ணம் எல்லாம் பார்த்துத் திருத்திவிட்டேன். நிற்பது கடைசிப் பக்கம் ஒன்றுதான், நன்றி நவிலல். அதே வாசகத்தைத் தனி அட்டையாகவும் அடித்து, தூரத்தில் இருக்கிற ஆட்களுக்குத் தபாலில் போடலாம் என்று யோசிக்கிறேன்.

இவ்வளவு பிந்தியா என்று நினைப்பாய். அங்கே கனடாவில் இரண்டு மூன்று கிழமைக்குள் அட்டை போய்விட வேண்டும் என்பீர்கள். இங்கே துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு, கழியாமல் ஒருவருக்கும் நன்றி சொல்வதில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் 'போயிட்டு வாறம்' என்றுகூடச் சொல்லாமல் எழும்பிப் போகிறார்கள், நாங்களும் படலைவரை போய் வழியனுப்புவதில்லை. கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கல்வெட்டைக் கொடுக்கும்போதுதான் அந்தக் கடன் தீர்கிறது.

வாசகத்தில் ஒருவருடைய பெயரும் போடவில்லை. நேரில் வந்தோர், தொலைபேசியில் ஆறுதல் சொன்னோர், மலர்வளையம் வைத்தோர், கண்ணீர் அஞ்சலி ஒட்டியோர், உணவு தந்தோர், இறுதிவரை நின்று உதவியோர் என்று பொதுவாக எழுதி, 'மற்றும் சகலருக்கும்' என்று முடிக்க வேண்டும். பத்துப் பேரின் பெயரைப் போட்டால் பதினோராவது ஆள் சாகும்வரை எங்கள் வாசல் மிதிக்காது. ஆனால் அட்டையோடு விடக் கூடாத ஆட்களும் உண்டு. எங்கள் அடுப்பு மூட்டாத நாளெல்லாம் பின்வீட்டு அன்ரி இரண்டு சருவத்தில் சோறும் கறியும் கொண்டுவந்து, மூடியைத் திறந்து காட்டிவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் போவா. அவவுக்கு அட்டை நீட்டினால் அவமரியாதை. முப்பத்தொன்று கழிய நானே போவேன். சனசமூக நிலையத்துப் பெடியளிடமும் அப்படித்தான், கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில்.

உன் வேலை இடத்து ஆட்கள் காசு சேர்த்துப் பூக்கூடை அனுப்பினார்களே, அவர்களுக்கு எழுதினாயா? ஈமெயில் வேண்டாம். கையால் எழுது, நாலு வரி காணும். கலியாணத்துக்கு நீங்கள் அனுப்பிய நன்றி அட்டையை இங்கே எல்லாரும் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மூன்று மாதத்துக்குள் எல்லாருக்கும் போய்விட வேண்டும் என்று மருமகள் இரவிரவாக எழுதினா என்று நீதான் சொன்னாய். ஆள் தந்த பொருளைச் சொல்லி, அது வீட்டில் எங்கே இருக்கிறது என்றும் ஒரு வரி. காசு தந்தவர்களுக்குத் தொகையைச் சொல்லாமல், அதில் என்ன வாங்கினோம் என்று மட்டும். இங்கே நாங்கள் கொப்பியில் ஐந்நூறு, ஆயிரம் என்று சதம் பிசகாமல் பதிகிறவர்கள். அந்த நாகரிகம் அம்மாவுக்கு நல்லாய்ப் பிடித்தது. மருமகளுடைய கோணல் தமிழ் எழுத்தோடு அந்த அட்டை இன்னும் கண்ணாடி அலுமாரியில் நிற்கிறது.

நீ வந்து கொள்ளி வைத்தாய். ஊரில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? எனக்குப் பெருமைதான். சாம்பல் அள்ளிக் காடாத்து முடிந்த கையோடு பெட்டி கட்டினாய், அதையும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், அதனால் அவர்கள் வரவில்லை என்றாய். ஆடி மாதத்தில் கனடாவில் பள்ளிக்கூடம் இல்லையே என்று அக்காவின் பெடியன் சொன்னான். சின்னப் பெடியன் சொல்வதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

போன கிழமை மருமகளிடம் இருந்து அனுதாப அட்டை வந்தது. தனியாக. நல்லாய் எழுதியிருக்கிறா, மாமியிடம் புட்டு அவிக்கப் பழகியதை எழுதியிருக்கிறா. தபாற்கந்தோரில் வேலை பார்த்த எனக்கு உறையின் பின்பக்கம்தான் முதலில் கண்ணில் படும். உங்கள் ஸ்காபரோ விலாசத்தின் தபால் குறியீடு 'எம்' எழுத்தில் தொடங்கும். இது 'எல்'லில் தொடங்குகிறது, ஏஜாக்ஸ் என்று இருக்கிறது. வீடு மாறினீர்களாக்கும் என்று நினைத்தேன். நீ வீடு மாறினால் சொல்லியிருப்பாய்.

இப்போது அச்சகக்காரர் கேட்கிறார், 'இங்ஙனம்' என்பதற்குக் கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று எந்தெந்தப் பெயர்கள் என்று. வம்சாவழிப் பக்கத்திலும் உன் பெயருக்குப் பக்கத்தில் கோடு இழுத்து இடம் விட்டிருக்கிறார். வீட்டு ஆட்களுக்கு நன்றி அட்டை அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. பெயர் உள்ளே இருந்தால் அட்டை தேவையில்லை. அட்டை அனுப்பினால், ஏஜாக்ஸுக்கு அனுப்பினால், அவ அதை எப்படி எடுப்பா என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் அனுப்பாமல் விடவும் மனம் கேட்கவில்லை. அம்மாவுக்காக முதலில் கையால் எழுதிய பிள்ளை அவதான்.

அக்காவிடம் கேட்டேன், 'தம்பியையே கேளுங்கோ' என்கிறா. அவவுக்கு ஏதோ தெரியும்.

பேத்தியின் பெயர் எப்படியும் வரும். அதில் கேள்வி இல்லை.

சாப்பாட்டைக் கவனி. படத்தில் மெலிந்து தெரிகிறாய். வேலை இடத்து ஆட்களுக்கு எழுத மறக்காதே, பிந்தப் பிந்த எழுத வராது.

அச்சகக்காரர் புதன்கிழமை வரைதான் பொறுப்பார். அதற்குள் போன் எடு. அக்காவின் போனுக்கு வேண்டாம், என்னுடையதுக்கு எடு. இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் தனியத்தான் இருப்பேன், உனக்கு அப்போது காலை பத்தரை. நான் ஒன்றும் விசாரிக்க மாட்டேன். பெயரைப் போடுவதா விடுவதா என்று மட்டும் சொல்லு.

அன்புடன்,
அப்பா