வீடியோ காலில் ஒரு கால்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள ராதா,

வாட்ஸ்அப்பில் நாளைக்கு நாலு தடவை பேசினாலும், நீ உட்கார்ந்து எழுதி அனுப்பிய கடிதத்தைப் படிப்பது தனிச் சுகம்தான். மகளுக்கு உப்சி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். தஞ்சோங் மாலிம்தானே, நினைத்தால் கோலாலம்பூருக்கு வந்துவிடுவாள். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி. மற்றபடி எல்லோரும் சுகம்.

உங்கள் மருத்துவமனையில் தொலைமருத்துவம், அதுதான் போனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்ப்பது, அதைப் பற்றிக் கேள்வித்தாள் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். 'அறிவீர்களா' என்ற இடத்தில் 'ஓரளவு' என்று போட்டாயாம், 'ஆதரிக்கிறீர்களா' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டதாம். சிரித்துவிட்டேன். எங்கள் கிளினிக்கில் கேட்டிருந்தால் பாதித் தாதியர் 'தெரியாது' என்றே போட்டிருப்பார்கள். ஆனால் அவர்களுடைய கைப்பேசியைத் திறந்து பார். ஆறாத புண், மாத்திரை அட்டை, பிள்ளையின் முதுகில் சொறி, எல்லாம் படமாகக் கிடக்கும். "மிஸ்ஸி, இதுக்கு டாக்டரப் பாக்கணுமா?" என்று கூடவே ஒரு வரி, தாதியை அவர்கள் கூப்பிடுவதே 'மிஸ்ஸி' என்றுதானே. பல வருஷமாகச் செய்கிற வேலைதான், அதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அடுத்தவர் உடம்பு நம் சொந்தப் போனில் கிடக்கிறதே என்ற உறுத்தல்கூட, என் மகன் ஏதோ படம் தேடும்போது ஒரு பாட்டியின் முதுகுப் புண்ணைப் பார்த்து அலறிய பிறகுதான் எனக்கு வந்தது.

நாம் தாதிப் பயிற்சியில் இருந்த 1997 நினைவிருக்கிறதா? எங்கே பார்த்தாலும் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற அரசாங்கத்தின் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைப் பற்றிய பேச்சு. அதில் டெலிஹெல்த்தும் ஒரு பெரிய திட்டம். அந்த வருஷமே தொலைமருத்துவச் சட்டம், சட்டம் 564, வந்தது. நோயாளியிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அனுமதி இல்லாதவர் செய்தால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. இவ்வளவு கறாராக எழுதிவிட்டு, அமலுக்குக் கொண்டுவராமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள். 1999இல் செலாயாங் மருத்துவமனையைக் காகிதமே இல்லாமல் நடத்தப் போகிறார்கள் என்று கேட்டு வாயைப் பிளந்தோமே! அப்புறம் 2020 மார்ச் 18, கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு. அந்த நேரத்தில்தான் மலேசிய மருத்துவ மன்றம் இணையவழி ஆலோசனைக்குக் குறிப்பு வெளியிட்டது. வீட்டில் அடைபட்டவர்களை வேறு எப்படிப் பார்ப்பது?

மருத்துவர்களும் தாதியரும் தயங்கினால், கணினி தெரியாததால்தான் என்று மேலே இருப்பவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது எரிச்சல். திரையில் பார்த்து ஒன்றைத் தவறவிட்டால் யார் பதில் சொல்வது என்று தெரியாத பயம்தான் அது.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பழைய லாரி ஓட்டுநர் ஒருவர், இனிப்பு நீர் (நீரிழிவு) பதினைந்து வருஷமாக. வீடியோவில் முதலில் நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு மின்விசிறி. "கால் நல்லா இருக்கு டாக்டர், வலியே இல்ல" என்றார். டாக்டரும் திருப்தியாக அடுத்தவருக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த 'வலியே இல்ல' உறுத்தியது. இனிப்பு நீரால் மரத்துப்போன காலில் புண் வந்தாலும் வலிக்காதே. பிறகு மருமகளை அழைத்து, விரலிடுக்கை விரித்துக் காட்டச் சொன்னேன். ஊறி வெளுத்த தோல், அதன் நடுவே சின்னப் புண். மறுநாளே வரச் சொன்னோம். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் அந்த 10 கிராம் நைலான் இழையைப் பெருவிரலில் வைத்து வளையும்வரை அழுத்தினேன். எடுத்தும் விட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கிறார்: "இன்னும் தொடலையா மிஸ்ஸி?"

இதை எந்தக் கேமரா காட்டும் சொல்? புண்ணின் வாடையும் திரையில் வராது.

நான் எதிர்ப்பு என்று உடனே முடிவு கட்டாதே. அதே மனிதர், கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் சீனியே தொடுவதில்லை என்று சத்தியம் செய்வார். மருமகள் கேமராவைத் திருப்பினாள் இல்லையா, பின்னால் மேசையில் டின் பால், அதன்மேல் ஒட்டிக்கொண்டு ஒரு கரண்டி! இத்தனை வருஷம் அவருடைய அட்டையில் எண்களைத்தான் பார்த்தேன், அடுப்படியை அன்றைக்குத்தான் பார்த்தேன். 2023 தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் என்று வந்ததே, அவர்கள் எல்லோருடைய அடுப்படிக்கும் போக முடியுமானால் நான் இன்றைக்கே கையெழுத்துப் போடுவேன். அதோடு, கூச்சப்படுகிறவர்கள் போனில் மனம் விட்டுப் பேசுகிறார்கள். எதிரில் உட்கார்ந்தால் தலையை மட்டும் ஆட்டுகிற ஒரு பெண், போனில் அரைமணி நேரம் அழுதாள்.

ஆனால் ஒன்று. டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவதற்கு முன், போனை எப்படிப் பிடிப்பது, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தாதி இருபது நிமிடம் சொல்லிக் கொடுக்கிறாள். அந்த இருபது நிமிடம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உன் கேள்வித்தாளில் மிச்ச இடம் இருந்தால் அதை எழுது. யாரை வீடியோவில் பார்க்கலாம், யாரை நேரில் வரச் சொல்ல வேண்டும் என்று பிரிக்கும் உரிமை தாதிக்கும் வேண்டும் என்றும் எழுது. 'ஆதரிக்கிறீர்களா' என்பதற்கு ஆம், இல்லை இரண்டிலும் கோடு போடு. செல்லாது என்று தள்ளினால் தள்ளட்டும்.

பள்ளி விடுமுறைக்கு வருகிறேன் என்றாயே, பேச்சு மாறாதே. இ.டி.எஸ். ரயிலில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறக்கிவிடும், அங்கிருந்து ஃபெரி. படகுத்துறையில் நிற்பேன். உன் காலையும் ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். போன வாரம் வீடியோவில் நீ நொண்டியதைக் கவனிக்காமல் இல்லை.

அன்புடன்,
சாந்தி