ரகுவுக்கு அந்த ஊசி வேண்டாம்

பெங்களூரு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாலதி,

லேபில் வளர்த்த தசையை உன் தம்பி ரகுவின் தொடையில் வைக்க முடியுமா என்று பொங்கலன்று நீ கேட்டதற்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். முதலில் திட்டித் தீர்த்துக்கொள், அப்புறம் படி. அம்மா முழங்கால் பரவாயில்லை. பரமு கல்யாணத்துக்கு வருகிறேன், இந்த முறையாவது நடந்தால். ஊர்க்கதை அவ்வளவுதான்.

போன செவ்வாய் இரவு பதினொன்றரை மணிக்கு லேபில் நான் செல்லிலிருந்து வளர்க்கும் தசை துடித்ததடி! இரண்டு சிலிகோன் தூண்களுக்கு நடுவே கட்டிய நூல் மாதிரி இருக்கும், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. வினாடிக்கு ஒரு முறை மின்சாரம் கொடுத்தேன். தூண் உள்பக்கமாக வளைந்து நிமிர்ந்தது. மறுபடி வளைந்தது. தனியாக நின்று கைதட்டினேன். வாட்ச்மேன் அண்ணா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான்கு மாதம் அது சும்மா கிடந்ததற்கு என் பேராசைதான் காரணம். எஃப்ஜிஎஃப்-2 என்று ஒரு வளர்ச்சிக் காரணி. செல்களைப் பெருக வைக்கும். 37 டிகிரி இன்குபேட்டரில் ஒரு நாள்கூட வலு நிற்காதே என்று தினமும் புதிதாக ஊற்றினேன். குப்பியைத் திறந்தால் உள்ளே கண்ணுக்கே எதுவும் தெரியாது, விலை மட்டும் நன்றாகத் தெரியும். செல்லும் பெருகியது, பெருகியது, பெருகிக்கொண்டே போனது. ஆனால் பெருகுவதை நிறுத்தினால்தான் செல்கள் ஒன்றோடொன்று கலந்து நாராகும். அதை நிறுத்தவிடாததே இந்த எஃப்ஜிஎஃப்-2தான். சீதா வீட்டு விசேஷம் மாதிரிதான், ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், பந்தி போடவேயில்லை.

பிறகு புத்தி வந்தது. முதல் சில நாள் மட்டும் அதைக் கொடுத்து நிறுத்தினேன். செல்களுக்கு ஊட்டமாக ஊற்றும் சீரத்தையும் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்) 2 சதவீதத்துக்குக் குறைத்து, ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தேன். நார் சேர்ந்தது, தடித்தது, துடித்தது. எதைக் கொடுக்கிறோம் என்பது மட்டுமல்ல, எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

சரி, இப்போது ரகு விஷயம். ஜிம் மாஸ்டர் ஐஜிஎஃப்-1 ஊசி போட்டால் தொடைச் சதை திரும்ப வளரும் என்றாராம், நீ போன வாரம் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. லேபில் என் செல் வளர்ப்புத் தட்டில் வேலை செய்கிற மருந்தின் அதே பெயர் என்பதால்தான் இன்னும் பயம். தட்டில் இருப்பது தசை செல் மட்டும். அவன் உடம்பில் எல்லாமே இருக்கிறது. ஊசியாகப் போட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கி மயங்கி விழலாம். உடம்பில் எங்காவது வேண்டாத செல் ஒளிந்திருந்தால் அதையும் சேர்த்து வளர்க்கும். விளையாட்டு வீரர்களுக்கு அது தடை செய்யப்பட்ட பொருள்.

பொங்கலன்று நீ கேட்டது வேறு: லேபில் வளர்த்த தசையை அவன் தொடையில் வைக்க முடியுமா என்று. பதில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் இத்தனை மாத மௌனம். இப்போதைக்கு முடியாது, மாலு. இரத்தக் குழாய் இல்லாத தசையில் இரண்டு மூன்று முடி தடிமனுக்கு மேல் உள்ளே இருப்பது பட்டினி கிடந்து சாகும். 2014-இல் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தார் வளர்த்த தசையைச் சுண்டெலியின் முதுகில் வைத்தார்கள், இரத்தக் குழாய்கள் தாமாக உள்ளே ஓடின. அடுத்த வருடம் மனிதத் தசையையே லேபில் துடிக்க வைத்தார்கள். ஆனால் சுண்டெலி முதுகு எங்கே, உன் தம்பி தொடை எங்கே?

அவனுக்கு மிச்சமிருக்கிற சதை நல்ல சதை. வேலை கொடுத்தால் அதுவே ஐஜிஎஃப்-1 சுரக்கும், வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு. பிசியோதெரபிக்குப் போவதை அவன் நிறுத்திவிட்டதாக அத்தை சொன்னார்கள். மறைக்காதே.

புதன்கிழமை எட்டு மணிக்கு போன் செய்கிறேன், அவனைப் பக்கத்தில் உட்கார வை. ஊசி ஏற்கெனவே வாங்கிவிட்டானென்றால் அந்தக் குப்பியின் படத்தை இன்றைக்கே அனுப்பு.

உன்,
வசு