காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் கார் நிறுத்துபவர்களுக்கு

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பத்தாங்காலி ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அடுத்தவர் காரை மறித்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், நைட் ஷிப்ட் முடிந்து இறங்கி வரும் செக்யூரிட்டி அண்ணன் நீங்கள் கோலாலம்பூரிலிருந்து திரும்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க முடியுமா? வேறு வழியே இல்லையென்றால் போன் நம்பரையாவது கண்ணாடியில் வையுங்கள். தோட்டத்திலிருந்து வருபவர்கள் நாலு பேர் ஒரே காரில் வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் (யார் காரில் என்பதில்தான் சண்டை, தெரியும்).

அப்புறம், பலர் கேட்கும் மை50 பாஸ், மாதம் 50 ரிங்கிட், கோலாலம்பூர் வட்டாரத்தில் ஓடும் ரேபிட் கேஎல் நிறுவனத்தின் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும்தான். பத்தாங்காலியில் நாம் ஏறும் கேடிஎம் கொம்யூட்டர் ரயிலில் செல்லாது. சுங்கை பூலோவில் இறங்கி ரேபிட் கேஎல்லின் எம்ஆர்டி ரயிலுக்கு மாறினால் அங்கிருந்து பயன்படுத்தலாம், அதுவரை கொம்யூட்டர் டிக்கெட் தனி. ஒரே காரில் சேர்ந்து வர விரும்புபவர்கள் ஞாயிறு இரவுக்குள் இங்கேயே ஏறும் இடத்தையும் நேரத்தையும் போடுங்கள்.